தனித்தனியே படிக்க வேண்டும்

பாலக்காடு
3 பிப்ரவரி 2025

டாக்டர் கோபிநாத் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வுக் குழுவில் என் பெயரைப் பார்த்துத் திகைத்திருப்பீர்கள். கல்லூரி நூலகத்திலிருந்து ஒருவர் வேண்டும் என்று குழுத் தலைவர் பினு சார் கேட்டார். நீங்கள் இருப்பது தெரிந்தேதான் ஒப்புக்கொண்டேன்.

கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்கும் வெக்கையில் சிறுநீரகம் கெடுவதைப் பற்றி யார் எங்கே எழுதியிருந்தாலும் தேடி எடுப்பது என் வேலை. எடுத்ததை நீங்களும் நானும் தனித்தனியே படித்து, ஆய்வில் எது சேரும், எது சேராது என்று குறிக்க வேண்டும். முடியும்வரை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது. வேறுபட்டால் இருவரும் பேசித் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் பினு சார் சொல்வதே முடிவு.

ஃபோன் செய்யாதீர்கள். நான் பாதி சொல்வதற்குள் மீதியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் அது நடக்காது.

இப்படிக்கு,
செல்வப்பிரியா

மறையூர்
21 பிப்ரவரி

அன்புள்ள பிரியாவுக்கு,

கட்டிய புருஷனை 'டாக்டர் அவர்களுக்கு' என்று எழுத உனக்குக் கை வந்ததே! இங்கே காலையில் குளிர், மத்தியானம் மண்டையைப் பிளக்கும் வெயில். வெல்ல ஆலைகளில் வேலை மும்முரம். அத்தைக்கு வெல்லம் அனுப்பியிருக்கிறேன்.

கட்டுரைகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றைப் பற்றி உன்னிடம் கேட்க நாக்கு துடிக்கிறது. கேட்கவில்லை, பார்த்துக்கொள்.

எனக்கு மறையூரில் வேலை கிடைத்ததும், கல்லூரியில் நிரந்தர வேலை உனக்கு வேண்டாம் என்று உன் பிரின்சிபாலிடம் நானாகச் சொன்னேன் என்றுதானே பிரிந்து போனாய்? நல்லதுக்குத்தானே சொன்னேன்? இங்கே நமக்கு வீடும் பார்த்துவிட்டேனே.

உன்,
கோபி

பாலக்காடு
16 மார்ச்

கோபிநாத்துக்கு,

நல்லதுக்குத்தான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே மறையூர் போகலாம் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ. இனி அது எனக்கே தெரியப்போவதில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நாம் இருவரும் குறித்தவற்றைத் திறந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுதான் இடிக்கிறது. கரும்புக் காட்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததைப் பற்றிய கட்டுரை. வெக்கைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் தள்ளியிருக்கிறீர்கள், நான் சேர்த்திருக்கிறேன். உங்களோடு பேசினால் சண்டைதான் வரும் என்று நேரே பினு சாருக்கு அனுப்பினேன். சேர்க்கச் சொல்லிவிட்டார்.

வெல்லம் வந்தது. "மாப்பளைக்கு இன்னும் நெனப்பிருக்குது கண்ணு" என்றாள் அம்மா.

செல்வப்பிரியா

மறையூர்
2 ஏப்ரல்

அன்புள்ள பிரியாவுக்கு,

அந்தக் கட்டுரையை மறுபடி படித்துவிட்டு ஆலைக்குப் போனேன். சக்கை சுமக்கும் ராசம்மாளிடம், தண்ணீர் சரியாகக் குடிக்கிறாயா என்று கேட்டேன்.

"குடிச்சிட்டு எங்க டாக்டரே ஒதுங்குறது?" என்று சிரித்தாள்.

இங்கே வந்த நாளிலிருந்து நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று எல்லாப் பெண்களுக்கும் சொல்கிறேன். ஏன் குடிப்பதில்லை என்று ஒருத்தியையும் கேட்டதில்லை.

நேற்று பினு சார் கூப்பிட்டார். ஆய்வில் தெரிந்ததை ஆலைகளில் தமிழில் எடுத்துச் சொல்ல, நூலகர் ஒருவர் ஆறு மாதம் மறையூரில் தங்க வேண்டுமாம். "உன் வொய்ஃப் வருமா?" என்று என்னைக் கேட்டார். வருவாள் என்று வாய்வரைக்கும் வந்தது. "அவளைக் கேளுங்க சார்" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன்.

உன்,
கோபி

பாலக்காடு
9 ஏப்ரல்

மாமாவுக்கு,

பினு சார் கேட்டார். கேட்டுவிட்டு, "கோபிகிட்ட கேட்டா உன்னைக் கேக்கச் சொல்றான், அவனுக்கு என்ன ஆச்சு?" என்றார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. புத்தக அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் அறை தருவார்களாம். அந்த அறையா, நீங்கள் பார்த்த வீடா என்பதை நான் இங்கே யோசிக்கிறேன். நீங்களும் அங்கே தனியாக யோசியுங்கள். நான் வந்து இறங்கும்வரை ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டாம்.

வேறுபட்டால் பினு சாரிடம் போக வேண்டாம். அந்தக் கட்டுரைக்கே நாம் முதலில் பேசியிருக்க வேண்டும். இந்த முறை பேசிப் பார்ப்போம். நான் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருப்பீர்கள்தானே?

பிரியா