ஆய்வு நாளில் காலி நாற்காலிகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலையில் ரத்தம் எடுத்தார்கள், மதியத்துக்கு மேல்தான் முடிவு வந்தது. வெள்ளணு குறைவு, கீமோ கிடையாது. இதை நேற்றே சொல்லியிருந்தால் பஸ் மாறி மாறி வந்திருக்க வேண்டாமே?

பக்கத்து நாற்காலித் தையல்காரிக்கும் அதே கதி. "பாத்தீங்களா கான்வென்ட் அக்கா, நம்ம ரத்தத்துக்கும் சோம்பேறித்தனம் வந்துடுச்சு." கான்வென்ட்டில் படித்தவள் என்று எனக்கு அவள் வைத்த பட்டம் அது. நான் சிரிக்கவில்லை.

திரும்பும்போது பசியும் வெயிலும் சேர்ந்து பஸ்ஸிலேயே வாந்தி. முந்தானையில் பிடித்துக்கொண்டேன். வேறு வழி? யாரும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

கீமோ ஏறியது. தையல்காரி வரவில்லை. போன் செய்தேன். "கடையைப் பூட்டிட்டு வந்தா ஊசி போடாமலே அனுப்புறாங்க. என் மெஷின் ஊசியாவது சொன்ன பேச்சைக் கேக்குது. போதும்க்கா, விடுங்க."

விடுங்க என்றால்? அவளுக்கு இன்னும் பாதி சிகிச்சைகூட முடியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வார்டின் தலைமை நர்ஸ் போனில் பேசினாள். எங்களுடையதைப் போலவே சின்ன ஊர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு டாக்டரும் நர்ஸும் வந்து, எங்கள் புற்றுநோய் வார்டு எப்படி நடக்கிறது என்று பார்க்கப் போகிறார்களாம். செவ்வாய்க்கிழமை.

"அன்னிக்கு யாரும் வராதீங்கன்னு சொல்லிட்டேன்மா. வார்டு நீட்டா இருக்கணும்ல? நீங்க மட்டும் வாங்க. கௌரவமா பேசுவீங்க. குறை கிறைன்னு எதையும் எடுத்துடாதீங்க, வார்டையே மூடிடுவாங்க."

மூடினால் நகரத்து ஆஸ்பத்திரி. மகன் வீட்டு ஹாலில் ஒரு கட்டில். மருமகள் நன்றாகப் பார்த்துக்கொள்வாள். அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சரி என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

வார்டு முழுக்க பினாயில் வாசனை. நாற்காலிகளுக்குப் புது விரிப்பு. ஊசி ஏறிய கையோடு நான் ஒருத்தி, மற்றதெல்லாம் காலி.

வந்த டாக்டர் சுற்றிப் பார்த்தார். "ஆளே இல்லையே. இதுக்குத் தனி வார்டு தேவையா?"

தலைமை நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. சுத்தத்தைக் காட்டப் போய், தேவையே இல்லாத வார்டு என்று காட்டிவிட்டாள்!

வந்த நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எப்படிம்மா இருக்கு இங்க?" எல்லாம் சிறப்பாக நடக்கிறது என்றேன், வீட்டிலேயே சொல்லிப் பார்த்திருந்த வாக்கியம். அவள் தலையாட்டிவிட்டு, "இந்தப் பக்கத்து நாற்காலில யாரு உக்காருவாங்க?" என்றாள்.

அவ்வளவுதான். அடக்க முடியவில்லை. அவ வரமாட்டாம்மா, நீங்க போய்க் கூப்பிட்டாலும் வரமாட்டா என்று ஆரம்பித்து, ரத்தம், காத்திருப்பு, பஸ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முந்தானையைக்கூட. முன்பின் தெரியாதவளிடம்!

தலைமை நர்ஸ் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நான்தான் சார் இன்னிக்கு யாரையும் வர வேணாம்னேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "பரீட்சை வைக்கவா வந்தோம்? எங்க ஊர்லயும் இதே கூத்துதான். அவங்கவங்க வீட்டுப் பக்கத்து கிளினிக்லயே முந்தின நாள் ரத்தம் எடுக்க ஆரம்பிச்சோம், வீண் நடை நின்னுச்சு."

தலைமை நர்ஸ் என் முகத்தைப் பார்க்காமலே ஊசியைக் கழற்றி, பஞ்சை அழுத்திவிட்டுப் போனாள்.

மார்ச் 19, புதன்

களைப்பு. முந்தானை விஷயத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

ஏப்ரல் 22, செவ்வாய்

வார்டை மூடவில்லை. இனித் திங்களன்று எங்கள் ஊர் கிளினிக்கில் ரத்தம் எடுப்பார்கள், வரலாமா வேண்டாமா என்று மாலையில் போன் வரும். தையல்காரியிடம் சொன்னேன். "பாப்போம்" என்றாள்.

மே 6, செவ்வாய்

நேற்று மாலை போன். "வெள்ளணு போதும், வாங்க." தலைமை நர்ஸ்தான். குரலில் இன்னும் விறைப்பு.

பக்கத்து நாற்காலியில் தையல்காரி! பாதியாக இளைத்திருந்தாள். என் மடியில் எதையோ போட்டாள். உள்ளே பிளாஸ்டிக் வைத்துத் தைத்த துணிப்பை.

"பஸ்ஸுக்கு. இனிமே முந்தானையைக் கெடுக்காதீங்க."

"யாரு சொன்னா உனக்கு?"

"வான்னு கூப்பிட எங்க வீட்டுக்கே வந்தாங்க, தலைமை நர்ஸம்மா. அவங்கதான். அவங்களுக்கே கண்ணு கலங்கிடுச்சுக்கா."

பையைத் திருப்பிப் பார்த்தேன். ஓரத்தில் தையல் கோணிக்கொண்டு போயிருந்தது. நோய்க்கு முன் அவள் கையில் தையல் இப்படிக் கோணியதில்லை.

மடித்து மடியிலேயே வைத்துக்கொண்டேன்.