பதினோரு கையெழுத்துகள்

ஜூன் 3, 2025
சனிக்கிழமை மாதர் படிப்பு வட்டத்தின் நடவடிக்கை நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கினேன். வட்டத்தின் வரலாற்றை எழுத ஜாய்லின் அவற்றைக் கேட்கிறாள். எப்சிபாவின் மகள். தாய் சாகும்போது அவளுக்கு மூன்று வயது. மாட்டேன் என்று எப்படிச் சொல்ல?

ஜூன் 9
கண்டுபிடித்துவிட்டாள்.
"டீச்சர், தொண்ணூத்தொம்பது ஆகஸ்ட் ஏழு மட்டும் ஏன் காலியா கெடக்கு? அடியில பதினோரு பேர் கையெழுத்து இருக்கே. எங்கம்மா கையெழுத்தும் இருக்கு."
மறந்துபோச்சு என்றேன். செயலாளர் நான். எனக்கா மறக்கும்?

ஜூன் 10
எங்கள் வழக்கம் இது. வந்ததும் பேனாவில் கையெழுத்து. பேசியதை நான் பென்சிலில் எழுதுவேன். அடுத்த சனிக்கிழமை வாசித்து, எல்லாரும் சரி என்றால்தான் மை.
அன்று எப்சிபா எழுந்து சொன்னாள்: "அவுக மண்ணெண்ணெ கேனத் தூக்கிக் காட்டுதாக அக்கா. பயமா இருக்கு."
எழுதினேன். அடுத்த வாரம் அவள் வரவில்லை. வாசித்தேன். "குடும்ப விஷயம், அழிச்சிருங்க" என்றார்கள். அழித்தேன்.
ஐந்தாம் நாள் ஸ்டவ் வெடித்ததாம். போலீஸ் வந்து கேட்டது. அவள் ஒன்றும் சொல்லவில்லையே என்றோம், பத்துப் பேரும். பாவி, நானும்தான் சொன்னேன்.

ஜூன் 12
சுப்புலட்சுமி போன் செய்தாள். அவளும் அன்று இருந்தவள். ஜாய்லின் அவளிடமும் கேட்டாளாம்.
"பழசக் கிண்டாதீய டீச்சர். அந்தப் பிள்ளைக்கு அப்பா பிரபுதாஸ் அண்ணாச்சி மட்டுந்தான் இருக்காரு. அதையும் பறிக்கணுமா?"
நியாயம்தானா? இல்லை, எனக்கும் அதுதான் வசதியா?

ஜூன் 13
சோறு இறங்கலை.

ஜூன் 15
அழுத்தி எழுதும் கை எனக்கு. பென்சில் தடம் இன்னும் இருந்தது. அதன் மேலேயே பேனாவை ஓட்டினேன்.
ஜாய்லின் நின்றபடியே வாசித்தாள்.
"யாரு அழிச்சது?"
"நான்தான்."
"இப்பதான் அப்பாவுக்குச் சோறு போட்டுட்டு வாரேன்" என்றாள். நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்ட் 7
தெருவெல்லாம் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். தபால்காரர் மதியத்துக்கு மேல்தான் வந்தார். வட்டத்தின் வரலாறு வந்திருக்கிறது. கூடக் கடிதம் எதுவும் இல்லை. அப்பாவை விட்டுவிட்டு அவள் கோவில்பட்டியில் தனியாக இருக்கிறாளாம்.
முதல் பக்கத்திலேயே நோட்டின் அந்தப் பக்கத்துப் படம். தாயின் கையெழுத்தை மட்டும் தனியே எடுத்து மேலே வைத்திருக்கிறாள். மற்றப் பத்துக்கும் ஒரே தலைப்பு: 'கேட்டுக்கொண்டிருந்தவர்கள்.'
முதல் கையெழுத்து என்னுடையது.