கீழ்மாடியைப் பூட்டி வைத்தவர்

மாங்குளம்.

அன்பு மகள் சிவரூபிக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் துணையில் நாங்கள் சுகம், அப்பாவின் முழங்கால்தான் மழைக்கு இழுக்கிறது. அந்த வெளிநாட்டுக் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க அவளைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரியவனுக்கு இருமல் நின்றதா? கொத்தமல்லி அவித்துக் கொடு.

பிள்ளை, ஒரு சந்தோசச் செய்தி. சந்தியில் மாடிக் கட்டடம் வைத்திருக்கிற பரமலிங்கம் நேற்று எங்கள் வாசலுக்கு வந்தார். முன்பு இங்கே கணக்கு வேலைக்கு ஒரு கந்தோர் திறக்க நீ அறை கேட்டுப் போனபோது, "தோட்டக்காட்டு ஆக்களுக்கு அறை குடுத்தா வங்கிக்காரர் இந்தப் பக்கம் வரமாட்டினம்" என்று, நாங்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்ததைக் குத்திக்காட்டி, என் முன்னாலேயே சொன்ன அதே மனிதர்தான். அந்தச் சொல் இன்னும் என் நெஞ்சில் எரிகிறது. வங்கி வரும் வரும் என்று கீழ்மாடியைப் பூட்டியே வைத்துக்கொண்டு கந்தோர்களை எல்லாம் மேலே ஏற்றினார். எங்கள் ஊரில் சண்டையில் கால் போனவர்கள் எத்தனை பேர், பொய்க்காலோடு அந்தப் படியில் எப்படி ஏறுவார்கள் என்று அவருக்கு உறைக்கவில்லை. கடைசியில் வங்கி எதிர்ப்பக்கம் தானே கட்டிக்கொண்டது, இவர் வெறுத்துப்போய்க் கீழ்மாடியைச் சீமெந்துக் களஞ்சியத்துக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்துவிட்டார். நீ அனுப்பிய காசில் அப்பா றோட்டுக்கரைக் காணியில் படியே இல்லாமல் அறைகள் கட்டியதும், மேலே இருந்த காப்புறுதிக் கந்தோரும் காணிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசும் இறங்கி எங்களிடம் வந்துவிட்டார்கள். அவருடைய மேல்மாடியில் இப்போது புறாதான் குடியிருக்கிறது. சந்திக்குப் போனால் நின்று பார்த்து ரசித்துவிட்டுத்தான் வருவேன், பொய் சொல்வானேன்.

அவருடைய மகள் லக்சிகா சட்டத்தரணியாகி அந்த மேல்மாடியில் கந்தோர் போட்டாளாம், ஒருவரும் ஏறவில்லையாம். "அழகம்மா அக்கா, பிள்ளைக்கு ஒரு அறை தாங்கோ" என்று நின்றார். அக்காவாம்! ஓம் என்று சொல்லிவிட்டேன். எனக்குப் புத்தி கெடவில்லை, கேள். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபமில்லை, தகப்பனை நான் விடமாட்டேன். வெள்ளிக்கிழமை அவர்கள் பால் காய்ச்சிக் குடிபுகுகிறார்கள். வியாழனே வாசலில் பெயர்ப்பலகை ஏறுகிறது, சந்தியிலிருந்தே வாசிக்கிற எழுத்தில், "சிவரூபி கட்டடம்" என்று. இனி மகளைத் தேடி வருகிறவர்களுக்கெல்லாம் அவர் தன் வாயாலேயே உன் பெயரைச் சொல்லி வழிகாட்ட வேண்டும்.

பாவம், விடுங்கோ அம்மா என்று போன் எடுக்காதே, பலகை எழுதியாகிவிட்டது. காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் உன் குடும்பமும் ஒரு குறையுமில்லாமல் வாழ வேண்டும். மறந்துவிடாதே, இனி அந்த விலாசத்துக்கே கடிதம் போடு. தபால்காரர் வருகிற நேரம் பரமலிங்கமும் வாசலில்தான் நிற்பார்.

உன் அம்மா,
பொன்னையா அழகம்மா