மாதா நனையுது

2025 ஜூன் 9, திங்கள்
காலைப் பூசை. நெத்திலி வாங்கிக் குழம்பு வைத்தேன். கோப்பு 41: இனியவன், வயது 2 வருடம் 8 மாதம். 22 நிமிடப் பேச்சு. எழுதி முடிக்க மூன்று மணி நேரம் பத்து நிமிடம்.

மருமகள் நத்தாலிக்கு எழுதிக்கொடுக்கத் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. குழந்தைக்கு இலக்கணம் எப்படி வருகிறது என்பது அவள் ஆராய்ச்சி. அரியாங்குப்பத்துப் பிள்ளைகள் பேசுவதைப் பதிந்து வருகிறாள். நான் காதில் மாட்டிக் கேட்டுத் தாளில் இறக்குகிறேன். எட்டாவதோடு நின்றவள்தான். ஆனால் கணக்கு நோட்டு எழுதிப் பழகிய கை, ஒரு வரி விடாது. முதல் நாளே சொன்னாள்: "காதுல விழுந்தது விழுந்தபடி, அத்தே. திருத்தாதீங்க."

இனியவன் இன்று "பந்த போடுனேன்" என்றான். ஓடுனேன், பாடுனேன் மாதிரி போடுனேன். அப்படியே எழுதினேன். யாரும் சொல்லித்தராமல் அவனே கட்டிய சொல் என்று நத்தாலிக்கு ஒரே சந்தோஷம்.

ஜூலை 2, புதன்
ஆகஸ்டு 22 அவளுக்கு நேர்முகம். பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை. ஒன்பது வருடமாக ஒப்பந்தத்தில் ஓட்டுகிறாள். இந்த முறை பேர் சொல்கிற கட்டுரை ஒன்று இருக்கிறதாம். அவளுக்காக ஒன்பது நாள் செபம், நவநாள் தொடங்கினேன்.

ஜூலை 6, ஞாயிறு
சாப்பிடும்போது என் மகன் அத்ரியான், கட்டுரையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டான். நத்தாலி சொன்னாள்: இரண்டரை வயதுக் குழந்தைகூட சாமி, அப்பா என்று வந்தால் "வந்தாங்க" என்று மரியாதை சேர்க்கிறதாம். தம்பிக்கும் பூனைக்கும் சேர்ப்பதில்லையாம். இவ்வளவு சின்ன வயதில் வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லையாம்.

"சின்னதுல நான்லாம் அப்பிடிப் பேசுனா மாதிரியே தெரியலியே" என்று அவன் சிரித்தான். எனக்கு மழை நாளில் பதிந்த ஒரு கோப்பு நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் கோப்பு 17ஐ மறுபடி போட்டேன். மழைச் சத்தம். எதிரே மாதா சிலை வைத்த கெபி இருக்கும் போல. இனியவன் தெளிவாகச் சொல்கிறான்: "மாதா நனையுது." என் தாளில் இருப்பது: "மாதா நனையுறாங்க."

தெரிந்து எழுதினேனா, தெரியாமலா? மாதாவப் போய் நனையுதுன்னு எழுத கை எப்பிடி வரும்? அது திருத்தம்னே எனக்குத் தோணல.

ஜூலை 7, திங்கள்
9, 12, 23, 30 கேட்டேன். "அப்பா தூங்குது." "சாமி பாக்குது." எல்லாமே என் கையில் மரியாதையாக மாறியிருக்கிறது. பதினெட்டு இடம். பூனையைத் தொடவில்லை. தம்பியைத் தொடவில்லை.

ஜூலை 9, புதன்
சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு
இதை மறைத்து வைத்துக்கொண்டு பூசையில் நன்மை அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு ஆயம்மா, "ஏன்க்கா குந்திக்கினே இருந்த, முட்டி வலியா?" என்றாள். ஆமாம் என்றேன். அது வேறு ஒரு பொய்.

வெள்ளிக்கிழமை கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்புகிறாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை கிடைக்கும், யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் கிடைக்காது. நவநாளில் நான் வேண்டிக்கொண்டது இந்த வேலையைத்தானே?

ஜூலை 16, புதன்
சொல்லிவிட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எத்தன எடத்துல, அத்தே?"

"நாப்பத்திமூணு. இன்னும் பத்து கோப்பு பாக்கல."

குறித்து வைத்திருந்த தாளை வாங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"அப்போ நான் கொழந்தைங்கள ஆராய்ச்சி பண்ணல. உங்களத்தான் பண்ணியிருக்கேன்."

மாடிக்குப் போய்விட்டாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் இறங்கி வரவில்லை.

ஜூலை 18, வெள்ளி
கட்டுரை போகவில்லை. அத்ரியான் வேலைக்குக் கிளம்பும்போது, "இத அடுத்த மாசம் சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்றான்.

ஜூலை 20, ஞாயிறு
நன்மை வாங்கினேன். நத்தாலி தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்டு 22, வெள்ளி
விண்ணப்பத்தில் போட்டிருந்த கட்டுரை எங்கே என்று கேட்டார்களாம். நடந்ததைச் சொன்னாளாம். ஒருவர் "மாமியாரா?" என்று சிரித்தாராம். இதை என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

செப்டம்பர் 12, வெள்ளி
வேலை வேறொருவருக்குப் போயிற்று. நத்தாலிக்கு ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம்.

அக்டோபர் 6, திங்கள்
புதுப் பதிவுகள் நான்கை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். என்னிடமா என்று பார்த்தேன். இனி ஒவ்வொன்றையும் இரண்டு பேர் தனித்தனியே எழுதி ஒத்துப்பார்க்க வேண்டுமாம். முதலிலேயே அப்படிச் செய்யாதது தன் தவறு என்றாள். இன்னொரு ஆள் யார் என்று கேட்டேன்.

"நான்தான்."

அக்டோபர் 14, செவ்வாய்
முதல் பதிவை ஒத்துப்பார்த்தோம். பதினோரு இடத்தில் வேறுபாடு. ஒவ்வொன்றையும் போட்டுப் போட்டுக் கேட்டோம். நான்கு என் தவறு, ஃபேன் சத்தத்தில் விட்டது. ஏழு அவளுடையது. அந்த ஏழில் மூன்று ஒரே மாதிரி: குழந்தை "டீச்சர் வந்துச்சு" என்கிறது, நத்தாலியின் தாளில் "டீச்சர் வந்தாங்க."

நான்காவது முறையும் போட்டுக் கேட்டாள்.

"எனக்கு வந்தாங்கன்னுதான் அத்தே கேட்டுச்சு."

தெரியும் என்றேன்.