திரையில் சிந்தாத சொட்டு

ஸ்மோல்யான்,
செப்டம்பர் 28

அன்பு மகள் நெவேனாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். உன் இருமல் விட்டதா, மழையில் சைக்கிளில் போவதை நிறுத்தினாயா என்று தெரிந்தால் இன்னும் நலமாக இருப்போம். குடைமிளகாய் சுட்டு அரைத்து முப்பது பாட்டிலில் அடைத்தாகிவிட்டது. அப்பா இந்த வருடமும் உப்பைக் கொட்டிவிட்டு நான்தான் கொட்டினேன் என்கிறார்.

நீ இருக்கும் பிரேமனில் அந்த வயதான அம்மையாரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் வருவேனா என்று அக்டோபர் பத்தாம் தேதிக்குள் பதில் கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் மறிப்பாய், அதனால் எழுதுகிறேன். படிக்கப் பிள்ளைகள் இல்லாமல் நம் பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு நான் சும்மா இருக்கவில்லை. பிப்ரவரியிலிருந்து சமையலறை மேசையில் கம்ப்யூட்டரை வைத்து ஆய்வகப் பயிற்சி படித்தேன். செல்லை உடைத்து டி.என்.ஏ. எடுப்பது, அதைப் பெருக்குவது, ஜெல் என்கிற கூழ்க்கட்டியில் ஓடவிட்டு நீளம் பார்ப்பது, எல்லாம் திரையிலேயே. நம் ஊர் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ஓர் இடம் காலி, அதற்குச் சான்றிதழ் வேண்டும். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, ஏன் டீச்சரம்மா, திரையில சமைச்சா வயிறு நெறஞ்சிடுமா என்பார்.

செவ்வாய்க்கிழமை ப்லோவ்திவ் நகரில் தேர்வு, அப்பாதான் காரில் கூட்டிப்போனார். எழுத்தில் தொண்ணூற்று நான்கு. பிறகு முதன்முதலாக, கட்டைவிரலால் அழுத்திச் சொட்டை உறிஞ்சி இறக்கும் நிஜப் பிப்பெட்டைக் கையில் கொடுத்தார்கள். எவ்வளவு லேசு தெரியுமா! நீலச் சாயம் கலந்த டி.என்.ஏ.யைத் திரவத்துக்கு அடியில் கிடக்கும் ஜெல்லின் சின்னக் குழியில் இறக்க வேண்டும். இறக்கினேன், நீலம் அழகாகப் போய் உட்கார்ந்தது. முனை குழிக்குள் இருக்கும்போதே கட்டைவிரலைத் தளர்த்திவிட்டேன். இறக்கியதைப் பிப்பெட் திரும்ப உறிஞ்சிக்கொண்டது, மிச்சம் புகைபோலக் கலைந்தது. திரையில் கட்டைவிரலுக்கு வேலையே கிடையாது, சொடுக்கினால் சொட்டு விழும், பிப்பெட் தானாக விலகும். எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நீலம் எவ்வளவு வேகமாக மேலே ஏறியது என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேர்வாளர் ரதோஸ்லாவுக்கு உன் வயதுதான் இருக்கும். இதுவரைக்கும் எத்தன தடவ செஞ்சிருக்கீங்க மேடம் என்றார். திரையில அறுபத்திரண்டு என்றேன். ஒரு தடவகூடச் சிந்தலையா என்றார். அங்க சிந்தவே முடியாது சார் என்றேன். சிரித்துவிட்டார், சிரித்தபடியே தோல்வி என்று எழுதினார். நவம்பரில் மறுதேர்வு. கிளம்பும்போது கூப்பிட்டு, சனிக்கிழமைல வாங்க, பழைய ஜெல்லும் சாயத் தண்ணியும் தரேன், வேணுங்கற மட்டும் சிந்துங்க என்றார்.

வழி முழுக்கக் கட்டைவிரலை மடக்கி விட்டுக்கொண்டே வந்தேன். என்னடி பண்ற என்று அப்பா கேட்டார், எல்லாம் சொன்னேன். கேலி செய்வார் என்றிருந்தேன். அவரோ, சனிக்கிழமை எத்தன மணிக்குக் கெளம்பணும் என்றார்.

ஆகவே நான் வரவில்லை, கண்ணே. எனக்காகப் பேசி வைத்தாய், வருத்தப்படுவாய், தெரியும். நவம்பரிலும் தோற்கலாம். அந்த நீலத்தைக் குழியில் நிறுத்திப் பார்க்காமல் என்னால் வேறெங்கும் போய் இருக்க முடியாது.

நோயின்றித் தெம்பாக இரு, நினைத்தது கைகூடட்டும். கம்பளிக் காலுறை போட்டுக்கொள். அந்த அம்மையாரைக் காக்கவைக்காமல் கடிதம் கிடைத்ததுமே சொல்லிவிடு, வேறு நல்ல ஆள் கிடைக்கட்டும்.

உன் அம்மா,
சோர்னித்சா