ஐ.பி.எம்.முக்காக நான் செய்த சத்தியம்

டிசம்பர் 6, 2004
லப்பைக்குடிக்காடு பெண்கள் பள்ளிக்கு இருபது ஐ.பி.எம். கம்ப்யூட்டர். கமிட்டி ஒத்துக்கொண்டது. தாளாளர் நஜீமுதீன் ஹாஜியார் மட்டும் இழுத்தார். "நாளைக்குக் கம்பெனிக்காரன் விட்டுட்டுப் போயிட்டா?" எனக்கு வேகம் வந்துவிட்டது. எல்லார் முன்னாலும், "வல்லாஹி, அவங்க எங்கயும் போவமாட்டாங்க" என்று அல்லாஹ் மேல் சத்தியம் செய்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை கையெழுத்து. இந்த ஆர்டர் கிடைத்தால்தான் அரியலூரில் என் கம்ப்யூட்டர் கடை நிற்கும்.

டிசம்பர் 9
பேப்பரில் வந்துவிட்டது. ஐ.பி.எம். தன் பி.சி. கம்ப்யூட்டர் பிரிவையே சீனாக்காரக் கம்பெனிக்கு விற்கிறது. மூன்று தடவை படித்தேன். லாபம் இல்லையாம். இனி சர்வீஸ், சாஃப்ட்வேர் என்று போகிறார்களாம். மானங்கெட்டவர்கள். நான் யார் பெயரைச் சொல்லிச் சத்தியம் செய்தேன்?
ஹாஜியார் இங்கிலீஷ் பேப்பர் பார்ப்பதில்லை. திங்கள் வரை வாயைத் திறக்காமல் இருந்தால்?

டிசம்பர் 10
ஜும்மாவில் ஹாஜியாருக்குப் பின்வரிசையில் நின்றேன். மனம் தொழுகையில் இல்லை. ஸலாம் சொன்னார். பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். சீ.

டிசம்பர் 12
மனைவி குல்சுமிடம் சொன்னேன். "சத்தியம் பண்ணுனது நீங்களா, கம்பெனியா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 13
கையெழுத்துக்கு முன்னால் பேப்பரை ஹாஜியார் மேஜையில் வைத்து, நானே படித்துச் சொன்னேன்.
"ஏன் தம்பி விட்டுட்டுப் போறாங்க?"
"மலிவா அசெம்பிள் பண்ணிக் குடுக்கறவன் தெருவுக்குத் தெரு வந்துட்டான் ஹாஜியார். பொட்டி வித்தா ஒண்ணும் மிஞ்சலியாம்."
"அப்ப நமக்கு வேணாம்."
வாசல்வரை போய்விட்டேன். கூப்பிட்டார். "பழைய மிஷின் பதினாலு சும்மா கெடக்குது. ஓட வச்சு, வாரா வாரம் வந்து பாத்துக்குவியா?"

டிசம்பர் 17
சத்தியம் பொய்த்ததற்குப் பரிகாரம், பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு. அமெரிக்காக்காரன் செய்த காரியத்துக்கு இங்கே குல்சும் சோறாக்கினாள். பதினோராவது ஏழையாக எனக்கும் ஒரு தட்டு வைத்தாள்.

ஜனவரி 8, 2005
பதினாலில் பதினொன்று ஓடுகிறது. இன்னும் இரண்டு பள்ளிகள் கூப்பிட்டிருக்கின்றன.

மே 2
ஐ.பி.எம்.மின் பி.சி. பிரிவு கைமாறி முடிந்துவிட்டதாம்.
விக்கிரமங்கலம் புஷ்பவல்லி டீச்சர் புதுக் கம்ப்யூட்டர் கேட்டு வந்தார். விற்பனையை விட்டுவிட்டேன், இனி சர்வீஸ் மட்டும்தான் என்றேன்.
"ஏன் பாய் விட்டுட்டீங்க?"
"பொட்டி வித்தா ஒண்ணும் மிஞ்சல டீச்சர்."
அவர் போனதும் டிசம்பர் 9-ஆம் தேதிப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். 'மானங்கெட்டவர்கள்' என்ற சொல்லை அடித்துவிட்டேன்.