அரிசி டிரம்மில் மூன்று கிலோ சாக்லேட்

செப். 18, வியாழன்

காலையிலிருந்தே புழுக்கம். பத்து மணிக்குள் துணி காய்ந்துவிட்டது. மேகம் கூடுகிறது, கலைகிறது. மழை இல்லை.

இனியாவுக்கு மூக்கடைப்பு. ஆவி பிடிக்க மறுக்கிறாள். கடைவாய்ப் பல்லில் ஒரு புள்ளி. கறையா, சொத்தையா? டார்ச் அடித்துப் பார்த்தும் தெரியவில்லை.

நேற்று மூத்தார் வந்துவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரின் ஒரே அண்ணன். குவைத்தில் கட்டட வேலை, இரண்டரை வருடம் கழித்து வந்திருக்கிறார். இப்போது குடியிருப்பது அவருடைய மாமனார் ஊரில் என்றாலும் பிறந்து வளர்ந்தது இந்தத் தெரு. எங்களுக்குப் போர்வை, தைலம் நான்கு, சோப்பு. இவருக்குக் கைக்கடிகாரம். அப்புறம் ஒரு பெரிய பை சாக்லேட், மூன்று கிலோ, தங்கத் தாள் சுற்றியது. "புள்ளைக்கு வச்சுக்கிட்டு மீதிய தெருவுக்குக் குடுத்துரும்மா" என்றார்.

பையின் மேல் இருந்த பெயரை இன்னொரு முறை படித்தேன்.

போன வாரம் பல் சொத்தைக்காகப் போனில் தேடப் போய், ஒன்றிலிருந்து ஒன்றாகத் தாவி, கோகோ தோப்பில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் போய் நின்றேன். ஆப்பிரிக்காவில். கையில் அரிவாள், தலையில் மூட்டை. ஒரு பையனுக்கு முழங்காலில் வெட்டுத் தழும்பு, மிஞ்சினால் பத்து வயது இருக்கும். கீழே கம்பெனிப் பெயர்கள். அதில் இந்தப் பெயரும் இருந்தது. போனை வைத்துவிட்டு, தூங்குகிற இனியாவின் முழங்காலைப் போய்ப் பார்த்தேன். என்ன பைத்தியமோ.

பையை அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டேன். யாருக்கும் கொடுக்கவில்லை. இனியாவிடம், "பெரியப்பாவே வச்சிருக்காங்க, உன் பொறந்த நாளுக்குத் தருவாங்க" என்றேன். பொய்.

செப். 19, வெள்ளி

செய்ய வேண்டியது: பள்ளி வேன் பணம். சிலிண்டர் பதிவு. பிறந்த நாள் சட்டைக்கு லேஸ். வகுப்பில் 28 பிள்ளைகள் + மிஸ் + ஆயாம்மா, ஆளுக்கொரு சாக்லேட்.

அந்தக் கடைசி வரியில்தான் மதியம் முழுக்கப் போயிற்று. புதன்கிழமை இனியாவுக்கு ஐந்து முடிகிறது. அவள் வகுப்பில் யாருக்குப் பிறந்த நாள் என்றாலும் சாக்லேட்தான். கடலை மிட்டாய் கொண்டுபோன பிள்ளையை மற்றதுகள் ஒரு வாரம் கேலி செய்தன. ஆகவே சாக்லேட், ஆனால் பிள்ளைகள் கை படாதது. நியாய வணிக முத்திரை உள்ளதாகத் தேடினேன். விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை, சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைக்கிறார்களா என்று போய்ப் பார்ப்பார்கள் என்றெல்லாம் போட்டிருக்கிறது. முழுக்க நம்பலாமா? சில இடங்களில் அதையும் மீறி நடக்கிறதாம். ஒன்றுமே பார்க்காததற்கு இது மேல்.

சாயங்காலம் வந்த இவர், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கணக்கு வாத்தியார்.

"நீ முட்டாய் வாங்குறியா, பரீட்சை எழுதுறியா?"

சொன்னேன். படத்தைக் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது. வெகுநேரம் அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கு. அண்ணன்கிட்ட மட்டும் இதச் சொல்லாத."

ஏன் என்று கேட்பதற்குள் குளிக்கப் போய்விட்டார். ஆர்டர் போட்டாயிற்று. பால் சேர்த்தது தீர்ந்துவிட்டதாம், கறுப்பு மட்டும்தான் இருந்தது. செவ்வாய்க்குள் வந்துவிடும்.

செப். 20, சனி

தூறல். இனியாவுக்கு மூக்கு திறந்துவிட்டது. பல்லில் புள்ளி அப்படியே.

எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டுக்காரர் சவுதியில். ஊருக்கு வந்தால் முதல் நாளே தெருவில் பதினாறு வீட்டுக்கும் சாக்லேட் தட்டு போய்விடும்.

"என்ன சுதா, குவைத் பொட்டி இன்னும் பிரிக்கலியா? எங்கூட்டுக்கு வாசமே வரலியே."

"அப்படி ஒண்ணும் பெருசா கொண்டு வரலக்கா" என்றேன். தப்பிப்பதற்காக, வாயில் வந்தது.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "அட பாவமே. அப்ப சலூன்ல பேசிக்கிட்டது நெசந்தானா? வேல போயி வெறுங்கையோட வந்துருக்காராம்ல? ரெண்டு புள்ளைய வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு? நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, எங்கூட்டுக்காரர்ட்ட சொல்லி வைக்கிறேன்."

இல்லக்கா, அப்படியில்ல என்று நான் இழுப்பதற்குள் குக்கர் விசில் கேட்டு ஓடிவிட்டார்.

ஒரு மிட்டாய் கொடுக்காததில் ஒரு மனிதருக்கு வேலையே போய்விட்டது. வாழ்க்கைப்பட்டு வந்து ஆறு வருடம், இந்தத் தெருவில் அந்தத் தங்கத் தாளுக்கு, போனவர் நன்றாகச் சம்பாதிக்கிறார் என்பதுதான் பொருள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். மறந்தேபோனேன்.

செப். 21, ஞாயிறு

எழுதவே பிடிக்கவில்லை.

சாயங்காலம் மூத்தார் வந்தார். இனியா ஓடிப்போய் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். "பெரியப்பா, என் சாக்லேட்ட எப்பத் தருவீங்க? நீங்கதான வச்சிருக்கீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். "தர்றேன்டி தங்கம்" என்றார். டீயில் பாதியை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

வாசலில் இவரிடம் மெதுவாகப் பேசியது எனக்குக் கேட்டது.

"வாத்தியார் வூட்டுக்கு ஏத்த சரக்கு இல்ல போலருக்குடா. கடைத்தெருவுல ரெண்டு பேரு, வேல போயிருச்சான்னு துக்கம் விசாரிக்கிறானுங்க. குடுக்கப் புடிக்கலன்னா எங்கிட்டயே திருப்பிக் குடுத்திருக்கலாம்ல?"

"அண்ணே, அது அப்படியில்லண்ணே" என்று இவர் கேட் வரைக்கும் பின்னாலேயே போனார்.

அவர் போன பிறகு இவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். அண்ணனிடம் ஏன் சொல்லக் கூடாது? அப்போதுதான் சொன்னார். ஆறாம் வகுப்போடு மூத்தாரை நிறுத்திவிட்டார்கள். நடவுக் காலத்தில் நாற்றுமுடி சுமக்க விட்டார்கள். பதினோரு வயது. வரப்பில் ஓடி ஓடி, தலையில் ஈர நாற்று, கழுத்தெல்லாம் சேற்றுத் தண்ணீர். அறுப்புச் சமயத்தில் கதிர்க்கட்டு. அந்தக் கூலியில்தான் இவருக்கு நோட்டு, பீஸ், பிறகு பி.எட். வரைக்கும்.

"அண்ணன்கிட்டப் போயி, சின்னப் புள்ள வேல செஞ்சு வந்தத நாங்க தொடமாட்டோம்னு எந்த வாயால சொல்லச் சொல்ற? நானே அதுலதான் வளந்தேன்."

மூத்தார் படிக்கவில்லை என்று தெரியும். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. படிப்பு ஏறவில்லை போல என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப். 22, திங்கள்

இனியாவை வேனில் ஏற்றிவிட்டு, டிரம்மில் கைவிட்டுப் பையை எடுத்தேன். அரிசியைத் தட்டி, ஸ்கூட்டியில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் நடவு. பாதிக்குப் பாதி மெஷின்தான்.

ஓரகத்தி இல்லை, ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நல்லதாயிற்று. பையை மூத்தார் முன்னால் வைத்தேன். அழக் கூடாது என்று போய், அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். மலிவு என்று நினைக்கவில்லை, பெயரைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. போனை வாங்கிப் படத்தைக் கண்ணுக்கிட்டே வைத்துப் பார்த்தார்.

"எந்த ஊரு இது?"

"கானா பக்கம், மாமா."

"எங்க கேம்ப்புல ஒரு கானாக்காரன் இருக்கான். நல்ல பய. நல்லாப் பாடுவான்." அந்த முழங்காலைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "நாம வாங்காட்டா இதுங்கள வூட்டுக்கு அனுப்பிருவானா?"

"தெரியல மாமா."

"அப்பறம் நீ ஆர்டர் போட்டது என்னா?"

காய்க்கு நல்ல விலை கொடுத்தால், பெரிய ஆளைக் கூலிக்கு வைக்க அவர்களுக்குக் கட்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகலாம், அதற்குத்தான் என்றேன். எனக்கே பாடப் புத்தகம் படிப்பது மாதிரி இருந்தது.

"அது சரிதான். எங்கப்பனுக்கு ஒழுங்கான கூலி குடுத்திருந்தா என்னை எதுக்கு எறக்கிவிடப் போறாரு? புள்ளைய சொமக்க வுடணும்னு யாருக்கு ஆச?" பையை என் பக்கம் தள்ளினார். "இது வாங்கியாச்சும்மா. மண்ணுல போட்டா அந்தப் பயலுக்கு ஒண்ணும் கெடைக்காது. தெருவுக்குக் குடுத்துருவோம், நானும் வர்றேன். புள்ளைக்கு நீ வரவழச்சதக் குடு. அடுத்த தடவ என்ன வாங்கணும்னு போட்டோ அனுப்பி வையி, பாத்து வாங்கிட்டு வர்றேன்."

மதியம் இருவரும் பதினாறு வீட்டுக்கும் போனோம். வீட்டுக்கு ஒரு கை. நான் கொடுத்த ஒவ்வொரு கையும் எனக்கு உறுத்தியது. அவர் சிரித்துக்கொண்டே வந்தார். கடைத்தெருவில் கேட்ட அந்த இரண்டு பேருக்கும் இரண்டு கை. மும்தாஜ் அக்கா, "எங்கூட்டுக்காரர்ட்ட வேல தேடச் சொல்லிட்டேனே, இப்ப அவருக்கு என்னா பதில் சொல்றது?" என்றார்.

செப். 23, செவ்வாய்

பார்சல் வந்தது. உருகவில்லை. இவர் ஒன்றைப் பிரித்து வாயில் போட்டார். விடைத்தாளில் முட்டை போடும் முகம். "நியாயமாத்தான் இருக்கு. கசக்குது." ஆளுக்கு ஒன்றாக எடுத்து வைத்தேன். லேஸ் தைத்தாயிற்று. பல் டாக்டரிடம் காட்டினேன், வெறும் கறைதானாம்.

செப். 24, புதன்

காலையில் நல்ல மழை. வேன் தாமதம். புதுச் சட்டை நனைந்துவிட்டது.

இனியா பள்ளியிலிருந்து வந்ததும் அறிக்கை: ஆறு பேர் துப்பிவிட்டார்கள். ஒருவன் இன்னொன்று கேட்டான். மிஸ் இரண்டு சாப்பிட்டார்கள். "ஆனா யாரும் என்னைக் கேலி பண்ணலம்மா. டாக்டர் சாக்லேட்டுன்னு சொல்லிட்டேன்." அவளாகக் கண்டுபிடித்தது.

மூத்தார் சாயங்காலம் வந்தார். அவருக்கும் ஒன்று கொடுத்தோம். முழுதாக மென்று விழுங்கினார், முகம் சுளிக்கவில்லை. கேசரி, வடை, டீ. இன்றைக்கு டீயை மிச்சம் வைக்கவில்லை.

இனியா மடியில் ஏறிக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"பெரியப்பா, நீங்க எந்த ஸ்கூலு?"

"இதே ஊருதான். ஆறாங்கிளாஸ்."

"அப்பறம்?"

"அப்பறம் நாத்துமுடி தூக்கப் போயிட்டேன்."

"லீவு போட்டீங்களா?"

"ஆமாடி. லீவு."

"உங்க மிஸ் வந்து கூப்புடலியா?"

"சாருதான். ரெண்டு தடவ வந்தாரு, வரப்பு வரைக்கும். அப்பறம் வரல."

"எவ்ளோ நாளு லீவு?"

அவர் சிரித்தார். "இன்னும் லீவுதான்" என்றார்.

இவர் எழுந்து போய் மோட்டாரைப் போட்டார். தொட்டி நிறைந்துதான் இருந்தது.